டியூப்லைட் ஏன் லேட்டா எரியுது? சோக்கும் ஸ்டார்டரும் செய்யும் வேலை, கே.ஜி.எஃப் வழியாக ஒரு விளக்கம்

யாராவது ஒரு ஜோக்கை அஞ்சு நிமிஷம் கழித்துப் புரிந்துகொண்டு சிரித்தால், அவருக்கு நாம் வைக்கும் பெயர் "டியூப்லைட்". சுவிட்சைப் போட்டதும் குண்டு பல்ப் உடனே எரியும். டியூப்லைட் மட்டும் இரண்டு மூன்று முறை சிமிட்டி, யோசித்து, அப்புறம்தான் எரியும். அந்தத் தாமதத்தில்தான் இந்தக் கிண்டல் பிறந்தது.

ஆனால் அந்த ஓரிரு நொடியில் அந்த விளக்கு சும்மா இருப்பதில்லை. தன் இரண்டு முனைகளையும் சூடேற்றுகிறது. வீட்டு மின்சாரத்தைவிடப் பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தை ஒரு கணம் உருவாக்குகிறது. அடுத்த கணமே, தன்னையே எரித்துக்கொள்ளாதபடி கடிவாளம் போட்டுக்கொள்கிறது. இத்தனையையும் செய்வது கண்ணாடிக் குழாய் இல்லை, ஃபிட்டிங்கில் ஒளிந்திருக்கும் சோக்கும் ஸ்டார்டரும்தான்.

இதை இப்போது தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா சர்வதேச ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் 2023 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு முடிவு எடுத்தன. பொது வெளிச்சத்துக்கான பழைய வகை டியூப்லைட்டுகளின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதி 2026 முடிவுக்குள்ளும், மேம்பட்ட வகையின் உற்பத்தி 2027 முடிவுக்குள்ளும் நிறுத்தப்பட வேண்டும். 2018-இல் இந்த ஒப்பந்தத்தை ஏற்று உறுதிசெய்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அதாவது, ஊரில் அம்மா வீட்டுச் சமையலறையில் எரியும் அந்த நான்கு அடி டியூப்பை நீங்கள் மாற்றத்தான் போகிறீர்கள். அப்போது மாற்ற வேண்டியது குழாயை மட்டுமா, உள்ளே இருக்கும் வயரிங்கையுமா? தப்பாகச் செய்தால் ஷாக் அடிக்குமா? கழற்றிய டியூப்பை எங்கே போடுவது? மூன்று கேள்விக்கும் பதில், சோக் எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது.

கோலார் தங்கவயலில் இருந்து ஏன் தொடங்குகிறோம்?

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் பாதையில் கோரமண்டல் ஒரு ஸ்டேஷன். ஊர்காம், சாம்பியன் ரீஃப் போலவே கோலார் தங்கவயலின் ஒரு பகுதி. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, இங்கிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம். இதைப் படிக்கும் நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

இந்தியாவில் மின்சாரத்தின் கதையைச் சொல்லும்போது இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த நீர்மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் பயணித்துத் தங்கவயலுக்கு வந்தது. அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். தலைநகருக்கு முன்பே சுரங்கத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது.

நம் கதைக்கு இதில் முக்கியமான தகவல் ஒன்று உண்டு. சிவசமுத்திரத்தில் தயாரான மின்சாரம் 25 ஹெர்ட்ஸ். இன்று நம் வீடுகளுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ். அதாவது அன்றைய மின்னோட்டம் நொடிக்கு 25 சுற்றுகள், இன்று 50 சுற்றுகள். சுரங்கத்தின் பெரிய மோட்டார்களை ஓட்டக் குறைந்த அதிர்வெண் வசதியாக இருந்த காலம் அது. அமெரிக்காவின் நயாகரா மின்நிலையமும் 25 ஹெர்ட்ஸில்தான் தொடங்கியது.

மோட்டாருக்கு ஒத்துப்போன அந்த 25, டியூப்லைட்டுக்கு ஒத்துப்போகுமா? போகாது. ஏன் போகாது என்பது புரிந்தால் சோக் புரிந்துவிடும். அதற்கு முன் குழாய்க்குள் ஒரு முறை எட்டிப் பார்ப்போம்.

குழாய்க்குள் எரிவது எது?

குண்டு பல்பில் ஒரு டங்ஸ்டன் கம்பி சூடேறி ஒளிர்கிறது. டியூப்லைட்டில் அப்படி எரியும் கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுவதில்லை. நடுவில் இருப்பது குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்ட ஆர்கான் போன்ற வாயு, கூடவே மிகச் சிறிய அளவு பாதரசம்.

இரண்டு முனைகளிலும் குட்டிக் கம்பிச்சுருள் ஒவ்வொன்று இருக்கும். பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் ஆக்சைடுகளின் கலவை அதன்மேல் பூசப்பட்டிருக்கும். சுருள் சூடானதும் அந்தப் பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாக வெளியேறும். அவை வாயுவுக்குள் பாய்ந்து பாதரச அணுக்களில் மோதுகின்றன. மோதல் வாங்கிய பாதரசம், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உமிழ்கிறது. அதில் பெரும்பகுதி 253.7 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. குழாயின் உள்சுவரில் பூசிய வெள்ளைப் பொடி அந்தக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், டியூப்லைட் என்பது குழாய்க்குள் அடக்கி வைத்த சின்ன மின்னல். மின்னலை உண்டாக்குவதும் கஷ்டம், அடக்குவதும் கஷ்டம். உண்டாக்குவதில் ஸ்டார்டருக்குப் பங்கு உண்டு. அடக்குவது முழுக்க முழுக்க சோக்கின் வேலை.

சோக் இல்லாட்டி என்ன ஆகும்?

சாதாரணக் கம்பியில் மின்னோட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் மின்தடையும் கூடும். குண்டு பல்ப் இப்படித்தான் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. அதனால் அதை நேராக 230 வோல்ட்டில் மாட்டலாம்.

வாயு அதற்கு நேர் எதிர். மின்னோட்டம் கூடக்கூட அதிக அணுக்கள் மின்னேற்றம் பெறும். பாதை இன்னும் சுலபமாகும். அதனால் மின்னோட்டம் இன்னும் கூடும். கதவைத் திறந்ததும் கூட்டம் முண்டியடித்து, அந்தத் தள்ளலிலேயே கதவு இன்னும் அகலமாகத் திறந்துகொள்வதைப் போல. இதை எதிர்மறை மின்தடை என்பார்கள். வெளியிலிருந்து யாராவது பிடித்து நிறுத்தாவிட்டால், நொடிப்பொழுதில் குழாயின் முனைகள் கருகும் அல்லது ஃபியூஸ் போகும்.

பிடித்து நிறுத்த ஒரு மின்தடையைத் தொடரில் போட்டால் போதாதா? போடலாம். ஆனால் கணக்கு இடிக்கும். ஒரு 36 வாட் டியூப் எரியும்போது அதன் குறுக்கே சுமார் 103 வோல்ட் இருக்கும், 0.43 ஆம்பியர் ஓடும். மீதி 127 வோல்ட்டை மின்தடை தாங்க வேண்டும். 127-ஐ 0.43-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 55 வாட். விளக்குக்கு 36 வாட், அதைக் கட்டுப்படுத்த வெறும் சூடாகப் போவது 55 வாட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சோக் எப்படிச் சமாளிக்குது?

சோக் என்பது இரும்புத் தகடுகளின் அடுக்கின்மேல் சுற்றிய நீண்ட கம்பிச்சுருள். ஃபிட்டிங்கைக் கழற்றினால் கையில் கனமாக இருக்கும் அந்த நீளமான இரும்புக்கட்டிதான் அது.

சுருளில் மின்னோட்டம் மாறும்போதெல்லாம், அந்த மாற்றத்தை எதிர்க்கும் மின்னழுத்தம் அதற்குள்ளேயே உருவாகும். நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். ஒவ்வொரு கணமும் அது மாறிக்கொண்டே இருப்பதால், சுருளின் எதிர்ப்பும் ஓயாமல் இருக்கும். ஒரு சுற்றின் ஒரு பகுதியில் சுருள் ஆற்றலைக் காந்தப்புலமாகச் சேமிக்கிறது, அடுத்த பகுதியில் திருப்பித் தந்துவிடுகிறது. மின்தடை மாதிரி எல்லாவற்றையும் சூடாக்கித் தொலைப்பதில்லை. கம்பியிலும் இரும்பிலும் ஏற்படும் இழப்பு சுமார் 10 வாட். 55 எங்கே, 10 எங்கே!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சோக்கின் மின்னழுத்தமும் விளக்கின் மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. அதனால் இரண்டையும் சாதாரணமாகக் கூட்ட முடியாது, செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போலக் கணக்கிட வேண்டும். 230-இன் வர்க்கத்திலிருந்து 103-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 206 வோல்ட். அது சோக்கின் பங்கு. 206-ஐ 0.43 ஆம்பியரால் வகுத்தால் 478 ஓம். 50 ஹெர்ட்ஸில் இந்த எதிர்ப்பைத் தரும் சுருளின் அளவு ஏறத்தாழ ஒன்றரை ஹென்றி. உங்கள் வீட்டு சோக்கும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும்.

அதே சோக்கை 1902-க்கு எடுத்துப் போனால்?

இப்போது தங்கவயலின் 25 ஹெர்ட்ஸுக்குத் திரும்புவோம். சுருளின் எதிர்ப்பு, மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அதிர்வெண் பாதியானால் எதிர்ப்பும் பாதியாகும். 478 ஓம் 239 ஆகிவிடும். விளக்கின் வழியே 0.43-க்குப் பதில் கிட்டத்தட்ட 0.86 ஆம்பியர் ஓடப் பார்க்கும். குழாயின் முனைகளுக்கு அது தாங்காது. சமாளிக்க வேண்டுமென்றால் சோக்கை இரண்டு மடங்கு பெரியதாகச் செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாறுதிசை மின்சாரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் விளக்கு இரண்டு முறை மங்கும். 50 ஹெர்ட்ஸில் அது நொடிக்கு 100 முறை என்பதால் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியாது. 25 ஹெர்ட்ஸில் நொடிக்கு 50 முறை, கண் உறுத்தும் எல்லையில் வந்து நிற்கும்.

இது கற்பனைக் கணக்குதான். 1902-இல் டியூப்லைட்டே கிடையாது, அது விற்பனைக்கு வந்தது 1938-இல். விற்ற நிறுவனம் ஜெனரல் எலக்ட்ரிக். சிவசமுத்திரத்துக்கு ஜெனரேட்டர்களைக் கொடுத்ததும் அதே ஜெனரல் எலக்ட்ரிக்தான்!

இந்தக் கணக்கில் உள்ள விஷயம் இதுதான்: சோக் என்பது ஏதோ ஒரு துணைப்பொருள் இல்லை. எந்த மின்னழுத்தம், எந்த அதிர்வெண், எந்தக் குழாய் என்று மூன்றையும் பார்த்துச் செய்யப்படுவது. 20 வாட் சோக்கில் 40 வாட் டியூப்பை மாட்டக்கூடாது என்று எலக்ட்ரீசியன் சொல்வதற்கும் இதுவே காரணம்.

ஸ்டார்டர்: அந்த இரண்டு நொடியில் நடப்பது

சோக் கட்டுப்படுத்தும், சரி. முதலில் விளக்கு பற்றிக்கொள்ள வேண்டுமே. குளிர்ந்த நான்கு அடிக் குழாயில் 230 வோல்ட் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. இங்கேதான் அந்தச் சின்ன வெள்ளை டப்பி வருகிறது. உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடிக் குமிழ், அதில் கொஞ்சம் வாயு, வளையக்கூடிய ஈருலோகப் பட்டை ஒன்று. வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை என்பதால், சூடானால் அது வளையும்.

நடப்பது இந்த வரிசையில்:

1. சுவிட்சைப் போட்டதும் முழு மின்னழுத்தமும் ஸ்டார்டரின் குறுக்கே விழுகிறது. குமிழுக்குள் வாயு மங்கலாக ஒளிர்கிறது, அந்தச் சூட்டில் பட்டை வளைகிறது.

2. வளைந்த பட்டை எதிர்முனையைத் தொடுகிறது. சுற்று மூடுகிறது. இப்போது மின்னோட்டம் சோக், ஒரு முனையின் சுருள், ஸ்டார்டர், மறுமுனையின் சுருள் என்று ஓடுகிறது. இரண்டு முனைகளும் சிவந்து சூடாகின்றன.

3. பட்டை தொட்டவுடன் குமிழின் ஒளிர்வு நின்றுவிடும். பட்டை குளிர்கிறது, நிமிர்கிறது, தொடர்பு அறுகிறது.

4. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் திடீரென அறுபட்டதும், சோக்கில் சேர்ந்திருந்த காந்த ஆற்றல் சும்மா விடாது. சில நூறு வோல்ட்டிலிருந்து ஆயிரம் வோல்ட் தாண்டியும் போகக்கூடிய ஓர் உதை கிளம்பும். சூடான முனைகளுக்கு இடையே வாயு பற்றிக்கொள்கிறது.

5. விளக்கு எரிந்ததும் அதன் குறுக்கே 100 வோல்ட் அளவுதான் இருக்கும். ஸ்டார்டர் மறுபடி ஒளிர அது போதாது. அது தூங்கிவிடும். விளக்கு எரியும்போது ஸ்டார்டரைக் கழற்றினாலும் விளக்கு அணையாது என்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் ஏன் இரண்டு மூன்று முறை சிமிட்டல்? தொடர்பு அறும் அந்தக் கணம் ஸ்டார்டரின் கையில் இல்லை. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது அறுந்தால் உதை பலமாக இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அறுந்தால் உதை வராது. விளக்கு பற்றாது, ஸ்டார்டர் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கும். அதாவது டியூப்லைட் "லேட்" ஆவது மந்தத்தால் இல்லை, நல்ல நேரம் அமையும்வரை விடாமல் முயற்சி செய்வதால். அடுத்த முறை யாராவது உங்களை டியூப்லைட் என்றால் இதைச் சொல்லலாம்.

மின்னழுத்தம் குறைவாக இருக்கும் மாலை நேரங்களில் சிமிட்டல் அதிகமாவதும் இதனால்தான். வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினால் பல ஸ்டார்டர்கள் வேலையையே சரியாகத் தொடங்காது.

எலக்ட்ரானிக் சோக்கில் என்ன வித்தியாசம்?

எடை குறைந்த, சத்தம் போடாத சோக் உங்கள் ஃபிட்டிங்கில் இருந்தால் அது எலக்ட்ரானிக் வகை. வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னாக்கி, பிறகு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோகிறது. அதிர்வெண் ஏறினால் சுருள் சின்னதாக இருந்தாலே போதும் என்பது மேலே பார்த்த கணக்கின் மறுபக்கம். கையளவு இரும்புக்குப் பதில் விரலளவு சுருள் போதும்.

இதில் மூன்று லாபம். மங்கல் கண்ணுக்கு எட்டாத வேகத்துக்குப் போய்விடும். இழப்பு சில வாட்டாகக் குறையும். அதே மின்சாரத்தில் குழாய் சுமார் 10 சதவீதம் கூடுதல் ஒளி தரும். தனி ஸ்டார்டரும் தேவையில்லை. ஆனால் மலிவான சில வகைகள் முனைகளைச் சூடேற்றாமலே உயர் மின்னழுத்தத்தில் பற்றவைக்கும். உடனே எரியும்தான், ஆனால் அடிக்கடி போட்டு அணைத்தால் குழாயின் ஆயுள் குறையும்.

எது கெட்டுப்போச்சு? பார்த்தே கண்டுபிடிக்கலாம்

இரும்பு சோக் உள்ள ஃபிட்டிங்கில்:

• இரண்டு முனையும் சிவந்து எரிகிறது, நடுவில் இருட்டு: ஸ்டார்டரின் பட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படியே விட்டால் சோக் தொடர்ந்து சூடாகும். உடனே அணைத்து ஸ்டார்டரை மாற்றுங்கள்.

• நிற்காமல் சிமிட்டுகிறது: முதலில் ஸ்டார்டரை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் சிமிட்டினால் குழாய்க்கு வயதாகிவிட்டது. இரவு முழுக்க அப்படியே விடாதீர்கள்.

• முனைகளில் கருப்பு அடித்திருக்கிறது: சுருளின் மேல்பூச்சு தேய்ந்து சுவரில் படிந்திருக்கிறது. குழாய் கடைசிக் காலத்தில் இருக்கிறது.

• ரீங்காரச் சத்தம்: சோக்கின் இரும்புத் தகடுகள் தளர்ந்து நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. ஆபத்தின் அறிகுறி ஆகவேண்டியதில்லை. சத்தத்தோடு கருகல் வாசனையும் வந்தால் உடனே மெயினை அணையுங்கள்.

• புதுக் குழாய் போட்டதும் முனை கருகிப் போகிறது: சோக்கின் உள்சுற்று ஷார்ட் ஆகியிருக்கலாம். அடுத்த குழாயையும் பலி கொடுக்காமல் சோக்கை மாற்றுங்கள்.

• அசைவே இல்லை: குழாயின் ஊசிகள் ஹோல்டரில் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது ஒரு முனையின் சுருள் அறுந்திருக்கலாம்.

மாற்றினால் எவ்வளவு மிச்சம்?

36 வாட் குழாய், இரும்பு சோக்கின் இழப்பு 10 வாட், மொத்தம் 46 வாட். அதே இடத்தில் 20 வாட் எல்இடி பேட்டன் போட்டால் மிச்சம் 26 வாட். தினமும் 6 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு சுமார் 57 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு விளக்குக்கு 340 ரூபாய். நான்கு விளக்கு உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 1,360 ரூபாய் பக்கம் வரும். உங்கள் ஊர்க் கட்டணத்தையும் விளக்கு எரியும் நேரத்தையும் போட்டு நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

பில்லில் தெரியாத ஒரு மிச்சமும் இருக்கிறது. இரும்பு சோக் ஆற்றலைத் திருப்பித் தருகிறது என்று பார்த்தோம். தந்து வாங்குவதற்கே கம்பியில் கூடுதல் மின்னோட்டம் ஓட வேண்டும். 46 வாட் வேலைக்குத் தேவை 0.2 ஆம்பியர்தான். ஓடுவதோ 0.43. அதனால்தான் சில ஃபிட்டிங்கில் ஒரு கெப்பாசிட்டரையும் சேர்த்து அதைச் சரிக்கட்டுவார்கள்.

எல்இடி டியூப் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முழு எல்இடி பேட்டனை வாங்கி, பழைய ஃபிட்டிங்கை மொத்தமாகக் கழற்றிவிட்டால் பிரச்சினை குறைவு. பழைய ஃபிட்டிங்கிலேயே எல்இடி குழாயை மாட்டுவதில்தான் சிக்கல். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வயரிங் வேறு வேறு.

சில குழாய்கள் இரும்பு சோக்கோடு வேலை செய்யும். கூடவே ஸ்டார்டர் மாதிரியே தெரியும் ஒரு டப்பி வரும். அது ஸ்டார்டர் இல்லை, உள்ளே ஃபியூஸ் வைத்த நேர் இணைப்பு. பழைய ஸ்டார்டரை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும். பிறகு யாராவது அதே இடத்தில் பழைய டியூப்லைட்டை மாட்டினால், ஒட்டிக்கொண்ட ஸ்டார்டர் இருப்பதற்குச் சமம்.

வேறு சில குழாய்களுக்கு சோக்கையே சுற்றிலிருந்து நீக்கி, 230 வோல்ட்டை நேராகக் கொடுக்க வேண்டும். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையில் வரும். இன்னொன்றில் முனைக்கு ஒன்றாக வரும். முதல் வகையில் சிலவற்றைத் திருப்பிப் போட்டால் ஷார்ட் ஆகும். இரண்டாவது வகையில், கரண்ட் இருக்கும்போது ஒரு முனையை மாட்டிவிட்டு மறுமுனை ஊசியைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். எலக்ட்ரானிக் சோக் உள்ள ஃபிட்டிங்கில், அதற்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

செய்ய வேண்டியது மூன்று. சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயின் எம்சிபியை அணையுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஃபிட்டிங்கில் கரண்ட் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கினால் அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, டப்பாவில் உள்ள வயரிங் படத்தைப் பார்த்து மட்டும் இணையுங்கள். மூன்றாவது, வயரிங்கை மாற்றிய ஃபிட்டிங்கில் "எல்இடி மட்டும்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஐந்து வருஷம் கழித்து ஏணியில் ஏறுபவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று, எல்இடிக்கும் தன்னைத்தானே கட்டுப்படுத்தத் தெரியாது. மின்னழுத்தம் கொஞ்சம் கூடினாலே மின்னோட்டம் எகிறும். அதைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்னணுச் சுற்று. சோக் போனாலும் சோக்கின் வேலை போகவில்லை. ஒரே வருஷத்தில் எல்இடி அணைந்துபோனால், பல நேரம் செத்தது டிரைவர்தான்.

கழற்றிய டியூப்பை எங்கே போடுவது?

தங்கவயலுக்குப் பாதரசம் புதிதில்லை. பொடித்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிடிக்க, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் அதை ஓடவிட்ட ஊர் இது. பாதரசத்துக்குச் சிக்காத தங்கத்தைச் சயனைடு கரைத்தெடுத்தது. அதன் கழிவு மேடுகள் சுரங்கம் மூடிய பிறகும் ஊருக்கு நடுவே நிற்கின்றன. காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும் என்பதைக் கோரமண்டல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயன் முடிந்த பிறகும் கழிவு முடிவதில்லை என்பது இங்கே கண்முன்னே தெரியும்.

ஒரு டியூப்பில் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான், பழைய தடித்த குழாய்களில் அதைவிட அதிகம். ஒரு குழாயால் ஊர் கெடாது. நாடு முழுக்க எல்லா வீடும் அலுவலகமும் பள்ளியும் சில ஆண்டுகளுக்குள் இதைக் கழற்றிக் குப்பையில் உடைத்தால்தான் பிரச்சினை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில், பாதரசம் உள்ள விளக்குகளும் அடங்கும். அவற்றைத் தயாரிப்பவர்களுக்கு மறுசுழற்சிப் பொறுப்பு உண்டு.

உங்களால் செய்யக்கூடியவை இவை. குழாயை உடைக்காமல், புதுக் குழாய் வந்த அட்டை உறையிலேயே போட்டு வையுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். பெங்களூரில் வேலை பார்ப்பவர்களுக்கு, அலுவலகத்தில் மின்னணுக் கழிவுப் பெட்டி இருந்தால் குழாய்களை ஏற்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். இரும்பு சோக்கில் கம்பியும் இரும்பும் இருப்பதால் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

தவறி உடைந்துவிட்டால், குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, ஃபேனை அணைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் அறையைவிட்டு வெளியே இருங்கள். துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ வேண்டாம், பாதரசத்தைக் காற்றில் பரப்பிவிடும். கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு அதே மையத்தில் கொடுங்கள்.

இந்த வாரக்கடைசியில் ஊருக்குப் போனால் வீட்டில் எத்தனை டியூப்லைட் இருக்கிறது, எதில் இரும்பு சோக், எதில் எலக்ட்ரானிக் சோக் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். இரவில் சிமிட்டிக்கொண்டே இருப்பதையும், முனை மட்டும் சிவந்து நிற்பதையும் முதலில் மாற்றுங்கள். மற்றவை அதுபாட்டுக்கு எரியட்டும். இருக்கிற குழாயைப் பயன்படுத்த ஒப்பந்தம் தடை போடவில்லை. ஆயுள் முடிந்ததும் பத்திரமாகக் கழற்றிக் கொடுத்தால் போதும்.